தூங்க வைத்த செல்கள்

இன்று காலையும் அளந்தேன். மீட்டர் இரண்டு புள்ளி எட்டு வோல்ட் என்றது. செல்லின் மேல் நீங்கள் மார்க்கரால் எழுதிய நான்கு புள்ளி ஒன்று இன்னும் அழியவில்லை. உங்கள் ‘ஒன்று’ எப்போதும் போலச் சாய்ந்துதான் நிற்கிறது.

பட்டான்செரு கம்பெனியில் நாளெல்லாம் ஸ்கூட்டர் பேட்டரி கட்டிவிட்டு, மெட்டுகுடா வீட்டிலும் அதே வேலைதானா என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன். பழைய லேப்டாப் பேட்டரிகளைப் பிரித்து, விரல் நீளச் செல்களை வெளியே எடுத்து, முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஒவ்வொன்றிலும் அளவை எழுதி முட்டை அட்டையில் நிறுத்துவீர்கள். அப்புறம் ஒரு மாதம் யாரும் தொடக் கூடாது. தூசி தட்டப் போனால், "கைக்கு தொடறே? நக்கோ, தூங்கட்டும்" என்பீர்கள். ‘கைக்கு’ என்றால் ஏன், ‘நக்கோ’ என்றால் வேண்டாம்; இந்த ஊர் உருது உங்கள் தமிழில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் தூங்கியும் அளவு இறங்காததுதான் நல்ல செல். இந்த வீட்டில் அவற்றுக்குக் கிடைக்கும் தூக்கம் எனக்குக் கிடைப்பதில்லை என்று குத்திக்காட்டுவேன். சிரிப்பீர்கள்.

கடைசியாகத் தூங்க வைத்தவை பக்கத்து வீட்டு ஃபிலோமினா அக்காவுக்காக. கரண்ட் போனாலும், படுத்த படுக்கையாக இருக்கும் அவர் கணவருக்கு ஃபேன் ஓட வேண்டும். அந்த மாதம் முடிவதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

முட்டை அட்டையை நான் யாரையும் தொட விடவில்லை. கோடை வெயில் ஏறியதும் அக்கா வாசலில் வந்து நின்றார். "கேக்கவே வாய் வரலம்மா. ஆனா அவரு வேர்வையிலயே கிடக்கறாரு." அதற்கு மேல் பிடித்து வைக்க மனசு வரவில்லை. உங்களோடு வேலை பார்த்தவர் வந்து அளந்தார். ஒன்றைத் தவிர எல்லாம் இறங்காமல் இருந்தன. "இது தாங்காது அண்ணி, நான் கொண்டுபோய்ப் போட்டுடறேன்" என்றார். நான் கொடுக்கவில்லை. மற்றவற்றை அக்கா வீட்டு ஃபேனுக்குப் பேட்டரியாகக் கட்டிக் கொடுத்தார்.

முதல் தடவை கரண்ட் போனபோது சுவரில் காதை வைத்துக் கேட்டேன். ஃபேன் ஓடியது. அது நீங்கள் ஏற்றிய சார்ஜ். மறுநாள் அக்கா சார்ஜரைச் சொருகினார். அதோடு அது அவர்கள் வீட்டுக் கரண்ட் ஆகிவிட்டது.

நீங்கள் ஏற்றியது இனி இந்த ஒன்றில்தான் மிச்சம். சும்மா வைத்திருந்தாலும் இறங்குகிறது. இரண்டரைக்குக் கீழே போனால் செத்தது, அப்புறம் சார்ஜ் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். இப்போதே போட்டால் பிழைக்கும். ஆனால் எது உங்களுடையது, எது வீட்டுக் கரண்ட் என்று அப்புறம் எனக்குத் தெரியாமல் போய்விடும். இரண்டுக்கும் பயமாக இருக்கிறது.

காலையில் நான் அளப்பதை நம் மகள் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் புரிகிறது, வாயில் வருவது தெலுங்குதான். "சார்ஜ் பெட்டனா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே சார்ஜரைக் கையில் எடுத்தாள்.

"நக்கோ, தூங்கட்டும்" என்றேன்.

சொன்னது நான்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி, நீங்கள் வழக்கமாக உட்காரும் மேசையைப் பார்த்தாள்.