முப்பதில் வரும் வண்டிகளும் உன் அப்பாவும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு சொன்னபடி கேட்கிறது, அங்கே உனக்கும் மருமகளுக்கும் அப்படியே இருக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார், அவரைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிப் பேசுவது. அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையைக் கூரியர்காரருக்கு வாடகைக்கு விடுவது பற்றி மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றாயே, அந்தப் பதில் இதில் இருக்கிறது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி, உன் புத்தி எனக்குத் தெரியும்.

நம் தெருவில் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். ஐம்பது என்றிருந்த பலகையைக் கழற்றிவிட்டு முப்பது என்று மாட்டியிருக்கிறார்கள். அதற்கு முன் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு கூட்டம் நடந்தது, அதில் ரொம்பக் குதித்தவர் மூலை வீட்டுப் பல் டாக்டர்தான். "முப்பதுல போனா நான் கிளினிக் போய்ச் சேர்றதுக்குள்ள பேஷன்ட்டுக்குப் பல்லு தானா விழுந்துடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துவிட்டுக் குறைக்க வேண்டும் என்ற பக்கம் கை தூக்கினேன். உன் அப்பா தூக்கவில்லை. போன வருடம் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது நம் வாசலிலேயே பைக் இடித்துத் தொடை எலும்பு முறிந்து கிடந்த மனிதர், அவரே தூக்கவில்லை. வரும் வழியில் ஏன் என்று கேட்டேன். "பலகையைப் பார்த்தா வண்டி ஓட்டுறான்? என்கிட்ட கண்ணாடி வாங்கினவன்ல பாதிப் பேர் அதையே போட்டுக்கிட்டு ஓட்றதில்ல" என்றார்.

எலும்பு கூடிவிட்டது, ஊன்றுகோல் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறார், எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெருவை மட்டும் தாண்ட மாட்டார். எதிர்ப்பக்கம்தான் கடை, தையல் மிஷினில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே அதன் ஷட்டர் எனக்குத் தெரியும். கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன் என்றால் "நான் என்ன பாப்பாவா" என்று சீறுவார். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்குவார். நடைபாதை ஓரத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு ஏறி வந்து, இன்று வெயில் ஜாஸ்தி என்பார். மறுநாள் தூசி, அடுத்த நாள் மழை வருகிற மாதிரி இருக்கும். நான் தலையை ஆட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இதையெல்லாம் கேட்டுத்தானே நீ கடையை விட்டுவிடலாம் என்றாய், உன்மேல் குறை சொல்ல மாட்டேன், நானும் மனதுக்குள் சரி என்றுதான் வைத்திருந்தேன். அவரும் விட்டுவிடு என்று சொன்னார். சொன்ன அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

பலகை மாட்டிய புதிதில் ஒருவரும் சட்டை செய்யவில்லை. பிறகு ஒரு காவலர் வந்து நின்று அபராதம் போட ஆரம்பித்ததும் வண்டிகள் அடங்கின. மெதுவாக வந்தால் ஓரத்தில் நிற்கும் ஆள் கண்ணில் படுகிறார் போலிருக்கிறது, நிறுத்திக் கைகாட்ட ஆரம்பித்தார்கள். அங்கேதான் வந்தது வினை. அவர்கள் இவரைப் போகச் சொல்ல, இவர் அவர்களைப் போகச் சொல்ல, அவர்கள் மறுபடி இவரைச் சொல்ல, பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிக்க, கடைசியில் வண்டிதான் போகும். உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு மரியாதை தெரிந்தவர் என்று பக்கத்து வீட்டம்மா என்னிடம் மெச்சிக்கொண்டாள். மேலிருந்து பார்க்கும் எனக்கு அவருடைய இன்னொரு கையும் தெரியும். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தக் கை விளக்குக் கம்பத்தைப் பிடித்திருக்கும். மரியாதை இல்லை, பயம். ஆனாலும் நான் எழுந்து போகவில்லை, போனால் அவர் என்னை மன்னிக்க மாட்டார்.

போன வியாழக்கிழமை பல் டாக்டரின் கார் வந்து நின்றது. அவர் கைகாட்டினார், இவர் கைகாட்டினார், வழக்கமான கூத்துத்தான். திடீரென்று டாக்டர் என்ஜினை அணைத்துச் சாவியை உருவி ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "சார், அணைச்சாச்சு. இனி நீங்க போனாத்தான் நான் போவேன். என் கண்ணாடியில கீறல் விழுந்து மாசக்கணக்காச்சு, இப்பல்லாம் பல்லைத் தடவிப் பார்த்துத்தான் புடுங்குறேன், கடையைத் திறங்க" என்றார். பின்னால் ஹாரன் அடித்தவர்களைக் கையாலேயே அடக்கினார். அப்பா அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பத்தை விட்டார். நான் மிஷினை நிறுத்திவிட்டேன். மெல்ல நடந்தவர் பாதித் தெருவில் காருக்கு முன்னால் நின்றுவிட்டார், எனக்கு உயிரே போய்விட்டது. எதற்குத் தெரியுமா? "முன் கண்ணாடி அழுக்கா இருக்கு, துடைச்சுட்டு ஓட்டுங்க" என்று டாக்டருக்குச் சொல்வதற்கு. சொல்லிவிட்டுப் போய் ஷட்டரைத் தூக்கினார், துரு பிடித்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

மதியம் நான் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது போன் அடித்தது. "தூக்கிக்கிட்டு வராத, நானே வரேன்" என்றார். படியிலேயே உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் சொல்வதில் என்ன வெட்கம், நன்றாக அழுதேன். அதன் பிறகு தினமும் போகிறார், வருகிறார். கம்பத்தை இன்னும் பிடிக்கிறார், ஆனால் விட்டுவிடுகிறார். கூரியர்காரரிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடு, கொஞ்சம் நயமாகவே சொல்.

நீயும் அங்கே குடியிருப்புத் தெருக்களில் காரைப் பறக்கவிடுகிறாய் என்று மருமகள் சொன்னாள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. இரண்டு பேரும் நோய்நொடி அண்டாமல், மனசு நிறைந்து நீண்ட நாள் வாழுங்கள். விடுமுறைக்கு வரும்போது வாடகைக் கார் நம் தெருவுக்குள் திரும்பியதும் மெதுவாகப் போகச் சொல். அப்பா ஓரத்தில் நின்றுகொண்டிருந்தால், பார்த்த சந்தோஷத்தில் இறங்கி ஓடிக் கையைப் பிடித்துவிடாதே. டிரைவரிடம் என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திரு. அவரே வருவார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா