முட்டையில் ஐந்து சாம்பல்

அன்பு மருமகளே,

நீ சேர்த்துவிட்ட ஓவிய வகுப்பைப் பற்றி எழுதவே குமட்டுகிறது. நான் வரைந்த பூனையைப் பார்த்து நிஜ நாய் குரைத்த கதை உனக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட உன் மாமனை உட்காரவைத்து, விளக்கடியில் ஒரு முட்டையை வைத்து, நிழல் தீட்டச் சொன்னாள் வாத்தியாரம்மா. கண் மூடித் திறப்பதற்குள் முடித்தேன். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கரி. பார்த்தவர்கள் மயங்கி விழாததுதான் ஆச்சரியம்.

"நடுவுல சாம்பல் எங்கங்க? வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாத்தானே மங்குது? அஞ்சு விதமா சாம்பல் தெரியுது பாருங்க," என்றாள்.

"ஒரு சாம்பலும் இல்லம்மா. என்கிட்டயேவா?" என்றேன்.

வகுப்பே கூட்டுச் சேர்ந்து ஐந்து என்று சாதித்தது. தூ! பக்கத்து இருக்கைத் தையல்காரி குனிந்து, "எங்க மாமியாருக்கும் இப்படித்தாங்க, கண் ஆபரேஷனுக்கு முன்னாடி," என்றாள். அவள் தைக்கிற லட்சணமும் அப்படித்தான் இருக்கும்.

நீ ஓயாமல் சொல்லும் அந்தக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கு. எனக்குக் கழுகுக் கண் என்று அவர் கையால் எழுதி வாங்கி, வாத்தியாரம்மா முகத்தில் வீச வேண்டும். நீயும் வந்து என் கையைப் பிடித்துக்கொள். இப்போதெல்லாம் படிக்கட்டுகளை விளிம்பே இல்லாமல் கட்டித் தொலைக்கிறார்கள். சகிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்