சந்தனத்துக்குப் பின்னால் இருந்த டிகிரி

அக்கா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியையும் மாற்ற மாட்டேன்.

இன்று எங்கள் பள்ளிச் சோதனைக்கூடத்தில் ஆயுதபூஜை. தராசு, லென்ஸ், காந்தம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். வெப்பமானியை எடுத்தபோது விரலிலிருந்த சந்தன வாசனை மூக்கில் ஏறியது. பொட்டு வைக்காமலே அதைக் கீழே வைத்துவிட்டேன். மற்றவர்கள் சுண்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க உங்களை உடுமலையிலிருந்து அனுப்பியபோது பெரியப்பா சொன்னது இருவருக்குமே மனப்பாடம். "காலேஜிலிருந்து ஒரு புகார் வந்தாலும், அன்னைக்கே பொட்டியக் கட்டிப்போடோணும்." போன ஆயுதபூஜையன்று அந்தப் பயத்தோடுதான் உங்கள் கல்லூரிக்கு வந்தேன். விடுமுறை முடிந்ததும் வெளியூர்ப் பேராசிரியர்கள் முன் நீங்கள் ஓர் இயற்பியல் கருவியை இயக்கிக் காட்ட வேண்டும். ஒத்திகைக்கு வேறு நாள் இல்லை.

"ஏனுங்க அம்மணி, பூஜை போட்டதைத் தொட்டா சாமி கண்ணைக் குத்திப்போடுமுங்க" என்று அட்டெண்டர் சாவியைக் கொடுத்தார்.

"குத்தட்டுமுங்க. இன்னொரு கண்ணு மிச்சமிருக்கும்" என்றீர்கள்.

சின்ன மின் அடுப்புப் பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு துளி பாதரசம். ஜெர்மனியிலிருந்து வந்தது, கல்லூரியில் அது ஒன்றுதான். வோல்ட்டேஜைக் கூட்டினால் எலக்ட்ரான்கள் வேகமெடுத்து மீட்டர் முள் ஏறும். ஏறக்குறைய ஐந்து வோல்ட்டுக்கு ஒரு தடவை பாதரச அணு அந்தச் சக்தியைப் பிடுங்கிக்கொள்ளும், முள் விழும். "இந்த அணு சில்லறை வாங்காது கண்ணு. முழு நோட்டா நீட்டினாத்தான் தொடும்." அடுப்பு நூற்று எழுபது டிகிரிக்கு வருமுன் வோல்ட்டேஜை ஏற்றினால் குழாயே போய்விடலாம் என்றும் சொன்னீர்கள். வெப்பமானியைப் பார்த்துச் சொல்வது மட்டும்தான் என் வேலை.

அதன் தண்டில், நூற்றுப்பத்திலிருந்து நூற்று எழுபதுவரை பட்டையாகச் சந்தனம். பாதரசக் கோடு அதன் பின்னால் எங்கேயோ நின்றது. பூஜைச் சந்தனத்தைத் துடைக்கப் பயம். தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். சந்தனத்தின் மேல்விளிம்பைப் பார்த்து, "நூத்தி எழுபதுங்க்கா" என்றேன்.

நீங்கள் வோல்ட்டேஜ் குமிழைத் திருகினீர்கள். குழாய் முழுக்க நீலம் பரவியது. முள் கடைசிவரை போய் டக்கென்று மோதியது. நீங்கள் குனிந்து பிளக்கைப் பிடுங்கிய நேரத்தில் பாவாடை ஓரத்தால் சந்தனத்தைத் துடைத்தேன். நூற்றிருபதுகூட இல்லை.

நிமிர்ந்து வெப்பமானியைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். உங்கள் உதடு வெளுத்திருந்தது.

"நீ பாத்துத்தானே சொன்னே, கண்ணு?"

"பாத்துத்தானுங்க்கா."

"அப்ப நாந்தான் அவசரப்பட்டுப்போட்டேன்."

பிளக்கை மறுபடி செருகி, அடுப்பு சூடேறும்வரை காத்திருந்தோம். உங்கள் படிப்பு அந்தக் குழாய்க்குள் இருந்தது. பிறகு முள் ஏறியது, விழுந்தது. மறுபடியும் ஏறியது, விழுந்தது. குழாய் பிழைத்துவிட்டது. நீங்கள் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள். அப்புறம் சோதனைக்கூட ரெஜிஸ்டரில், "சூடாகுமுன் வோல்ட்டேஜை ஏற்றியது என் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். பேராசிரியர் திட்டியதோடு விட்டார். பெரியப்பாவுக்குப் புகார் போகவில்லை.

கோடையில் உங்களுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில், "என்னமோ சொல்ல வந்தியே, என்ன கண்ணு?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்லீங்க்கா" என்றேன். மறுநாள் நீங்கள் இல்லை. நான் பார்க்காமல் சொன்னது உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.

அடுத்த ஜூனில் நானும் அதே கல்லூரியில் சேரப்போகிறேன். அந்த ரெஜிஸ்டர் அங்கேதான் இருக்கும். உங்கள் கையெழுத்துக்குக் கீழே, வெப்பமானியைத் தப்பாகச் சொன்னது நான் என்று எழுதிப் பெயர் போட வேண்டும். எழுதிவிடுவேன் என்று சத்தியம் செய்யத்தான் பார்க்கிறேன், ஆனால் உண்மையை மட்டும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது, அக்கா.

வாட்ச்மேன் வாசலில் நின்று, "பூட்டோணுமுங்க அம்மணி" என்கிறார். லைட்டை அணைத்துவிட்டார், ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.