புன்டா டெல் எஸ்டே போகும் மாமிக்கு

அஜ்மான்
9 நவம்பர் 2025

அன்புள்ள மாமி,

நானும் வயிற்றில் இருப்பவரும் நலம். உங்கள் மகனும் நலம்தான், கோபம் ஒன்றைத் தவிர. வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் பெரியப்பா முதல் எல்லோரும் விழித்திருப்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

குவைத்தில் நீங்கள் பிரசவம் பார்த்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிய உருகுவேக் குழந்தைக்கு ஜனவரியில் பதினைந்து வயது, அந்த நாட்டில் பெண்பிள்ளைகளுக்கு அது கலியாணம் போல, தாய் லூசியா டிக்கெட்டே அனுப்பிவிட்டார் என்று நேற்று உங்கள் மகனிடம் சொன்னேன்.

"ஊரான் பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு உலகத்தின்ர மற்றப் பக்கம் போறா. சொந்தப் பேரப்பிள்ளை பிறக்கேக்க இங்க நிக்க ஏலாதாமோ?"

"ஏலாதாம்" என்றேன். அதற்குப் பிறகு என்னோடும் பேச்சில்லை.

டிராவல்ஸ் அலுவலகத்தில் பயணக் குறிப்பு எழுதுவதுதானே என் வேலை. நான் போகாத ஊர்களைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன். போகப்போகிற ஒருவருக்கு ஆசையோடு எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஜனவரி அங்கே கோடை. இங்கே வெயில் சுட்டு எச்சரிக்கும். அங்கே காற்று குளிர்ந்துகொண்டே இருக்கும், தோல் எரிவது மாலையில்தான் தெரியும். தொப்பி இல்லாமல் இறங்க வேண்டாம். மொன்டேவிடியோ விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேர பஸ். இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத்தான், கைப்பையில் பிஸ்கட் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு "சின் கார்னே", இறைச்சி வேண்டாம், என்று சொல்லுங்கள். சொன்னாலும் கோழி வரக்கூடும்.

அன்போடு,
கஜந்தினி

ஃபர்வானியா, குவைத்
16 நவம்பர்

அன்பு மகள் கஜந்தினிக்கு,

உன் குறிப்பை அறையில் உரக்க வாசித்தேன். என்னோடு அறையில் இருக்கும் ஜுபைதா, "அக்கா, நீங்க போகல்லயெண்டா டிக்கெட்ட எனக்குத் தாங்கோ" என்கிறாள். அவளுக்கு விளையாட்டு.

எனக்கு நித்திரை இல்லை, பிள்ளை. எத்தனையோ பேரின் குழந்தைகளை முதலில் ஏந்தியது இந்தக் கைதான். என் பேரப்பிள்ளையை வேறொருத்தி ஏந்துவாள். சனம் பேசுவது ஒருபக்கம் இருக்கட்டும். என் மகன் நான் போன் எடுத்தால் "டியூட்டி" என்று வைக்கிறான். அந்த உருகுவேப் பெண்ணுக்கு ஒரு நல்ல சங்கிலி அனுப்புவோம். டிக்கெட்டை அஜ்மானுக்கு மாற்றித் தா.

மாமி

அஜ்மான்
20 நவம்பர்

அன்புள்ள மாமி,

மாற்ற மாட்டேன்.

பயமில்லை என்று எழுதினால் பொய். பக்கத்து ஃபிளாட் ஃபஸ்னா ஆஸ்பத்திரிக்குக் கூட வருவாள். மூன்று பெற்றவள், "நீ கத்து, நான் டாக்டரைப் பார்த்துக் கத்துறன்" என்கிறாள். நீங்கள் இத்தனை வருடத்தில் எடுத்த லீவெல்லாம் செத்தவீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும்தான். டிசம்பரோடு உங்கள் வேலையும் முடிகிறது. எங்கள் வீட்டில் இருந்துகொண்டு போகாத கடலை நீங்கள் நினைப்பதைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

அங்கே இரண்டு கடற்கரை. மான்சா சாது, அதில் குளிக்கலாம். பிராவா முரடு, அதைப் பார்க்க மட்டும். நம் அஜ்மான் கடல் வாளித் தண்ணீர் மாதிரி, அந்த நினைப்பில் இறங்கிவிடாதீர்கள். துறைமுகத்தில் மீன் வெட்டுகிற இடத்துக்குக் கடற்சிங்கங்கள் வந்து காத்து நிற்குமாம். எனக்காக ஒரு தடவை பாருங்கள்.

கஜந்தினி

புன்டா டெல் எஸ்டே
26 ஜனவரி 2026

என் பிள்ளைக்கு,

குழந்தையின் படம் பார்த்தேன். மூக்கு என் மகன் சுகிர்தனுடையது. நீ பெற்றெடுத்த நேரம் நான் இங்கே ஒரு மேசையில் கேக் தின்றுகொண்டிருந்தேன். செய்தி வந்ததும், என்னை உடனே உங்களிடம் அனுப்ப, லூசியா டிக்கெட்டை மாற்றப் போனை எடுத்தார். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. இன்னும் பார்த்து முடியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் என்னை விட ஒரு முழம் உயரம். எல்லோருக்கும் முன்னால் என்னைத்தான் முதலில் ஆடக் கூப்பிட்டாள். ஆடினேன், பிள்ளை!

பிராவாவில் இறங்கினேன். ஏசாதே. ஒரே அலை, என் கண்ணாடி போய்விட்டது. தண்ணீர் ஐஸ். காவல்காரன் விசில் ஊதினான். மணலில் இருந்து சிரித்துக்கொண்டே இருந்தேன்.

என்னில் கோபமோ? உள்ளதை எழுது.

மாமி

அஜ்மான்
2 பெப்ரவரி

அன்புள்ள மாமி,

கோபம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த முதல் நாள் மாலை நீங்கள்தான் வேண்டும் என்று அழுதேன். ஃபஸ்னாவிடம்கூட ஏன் என்று சொல்லவில்லை.

நேற்று உங்கள் மகன் எனக்குப் பத்தியக் கறி காய்ச்சப் போனார். அடுப்படியில் நெடுநேரம் நின்றுவிட்டு உங்களுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, சரக்குத்தூள் எப்ப போடுறது?"

"முதல்ல உள்ளியை வேகவிடு ராசா! அடுப்பைக் குறை!"

காற்றுக்கு மேலால் நீங்கள் கத்தினீர்கள். நீங்கள் மல்லி, மிளகு இடித்து அனுப்பிய அந்தத் தூளையும் போட்டு முடித்தார். இனி வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அங்க கடல் எப்பிடியம்மா?" என்றார்.

நீங்கள் சொல்லத் தொடங்கினீர்கள். அவர் கரண்டியோடு அப்படியே நின்று கேட்டார். நானும் பிள்ளையோடு கட்டிலில் இருந்து கேட்டேன். கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. நான் அவரைக் கூப்பிடவில்லை.

உங்கள்
கஜந்தினி