கீழே பார்த்தால் இரண்டு

மார்ச் 4

இல்லை, ஃபோன் பார்த்துப் பார்த்து வந்தது இல்லை. எத்தனை முறை சொல்வது? மாடிப்படி இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் மேலே இன்னொரு படி, லேசாகச் சாய்ந்து. எதில் கால் வைப்பது? அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சிரிக்கிறான். "ரெண்டு ரெண்டா தெரியுதா? என் சம்பளத்தப் பாத்து சொல்லேன்."

மார்ச் 7

கண்ணாடிக் கடை. இடது கண்ணை மூடிப் படித்தேன், வலது கண்ணை மூடிப் படித்தேன். "ரெண்டு கண்ணும் பிரமாதம் மேடம். டென்ஷனா இருக்கும்."

ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடுகிறது என்று சொல்லத்தானே போனேன்! மூடி மூடியே சோதிக்கிறான். மடையன்.

மார்ச் 8

தலையை இடப்பக்கம் சாய்த்தால் ஒன்றாகிறது. அம்மா: "என்னடி, ஃபோட்டோவுக்கு நிக்கிற மாதிரி?"

மார்ச் 12

நரம்பு டாக்டர். பேனாவை உயர்த்தினார், தாழ்த்தினார். தலையை வலப்பக்கம் சாய்க்கச் சொன்னார் — இரண்டு பேனாக்கள் விலகி ஓடின. வலது கண்ணைக் கீழே இறக்கும் தசைக்குப் போகிற நரம்பு செயலிழந்திருக்கிறது. ஏன் என்பதுதான் கேள்வி.

"தலையில அடி கிடி பட்டுச்சாம்மா?"

"இல்ல டாக்டர்."

பக்கத்தில் அண்ணன் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"அப்போ கட்டி ஏதும் இருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்."

கட்டி. அந்தச் சொல் வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா சாப்பிடவில்லை.

மார்ச் 13

பயம். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 16

ஸ்கேனில் ஒன்றுமில்லை. டாக்டர் விடவில்லை. "நல்லா யோசிங்க. திடீர்னு வந்திருக்கு. அடி பட்டிருக்கணும்."

நான் யோசித்தேன். அண்ணன் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டான்.

"போன மாசக் கடைசியில... அத்தை வீட்லருந்து வரும்போது, பின்சீட்ல தூங்கிட்டிருந்தா டாக்டர். சடன் பிரேக். தலை கதவுல மோதிடுச்சு. கொஞ்ச நேரம் முழிக்கவே இல்ல."

எனக்கு ஞாபகமே இல்லை. "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றது மட்டும் காதில் இருக்கிறது. மறுநாள் தலைவலிக்கு மாத்திரை வாங்கித் தந்தவனும் இவன்தான்.

"ஏண்டா சொல்லல?" — அண்ணனை 'டா' போட்டது இதுதான் முதல் தடவை.

"ஃபோன் பேசிட்டே ஓட்டினேன். அப்பா கார் சாவியப் பிடுங்கிடுவாருன்னு..."

சாவி! நான் என் மண்டைக்குள் ஒரு கட்டியை வளர்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா பட்டினி. இவன் எல்லாம் தெரிஞ்சே ரெண்டாம் தடவை சோறு போட்டுத் தின்னான். மனுஷனா இவன்?

பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகுமாம். அதுவரை இரண்டையும் ஒன்றாகக் காட்டும் ஒரு தனிக் கண்ணாடி.

"இரு, வண்டிய எடுத்துட்டு வரேன்" என்றான். நான் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு படியிறங்கி பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பக்கத்து அறையில் இருந்தார். கதவை நான் சாத்தவில்லை.