மல்லிகைப்பூ வைத்துக் கட்டிய கட்டி

கொழும்பு
12.3.1964

அன்புள்ள அம்மாவுக்கு,

சண்முகவடிவு வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பாவுக்கு இருமல் நின்றதா? இதை அப்பா முன்னால் வாசிக்க வேண்டாம். தங்கச்சி பூரணி தனியாக வாசித்துச் சொல்லட்டும்.

போன வாரம் நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, நோனா, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மார்பில் இருக்கும் கட்டியை, அதற்கென்றே புதிதாக வந்த எக்ஸ்ரேயில் படம் பிடித்தார்கள். நம் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே முதலில் படம் எடுத்துக்கொண்டவள் நான்தான்! எப்போதிருந்து இருக்கிறது என்று டொக்டர் கேட்டார்.

“மகனுக்குப் பால் மறக்கடிச்சப்ப வந்துச்சுங்க. பால் கட்டிக்கிச்சுனு அம்மா மல்லியப்பூ வச்சுக் கட்டினாங்க. வலிக்கவே இல்லீங்க.”

“வலிக்காத கட்டியத்தான் உடனே காட்டணும்” என்றார்.

உங்கள் மேல் குறையில்லை அம்மா. எல்லோரும் கட்டுகிற பூதானே. பூரணியும் இப்போது பால் மறக்கடிக்கிறாள். கட்டி ஏதும் கையில் தட்டுப்பட்டால், வெட்கப்படாமல் அன்றைக்கே தோட்டத்து டொக்டரிடம் காட்டட்டும்.

மகனின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

தபாலில் போட ஆள் காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன், பயப்பட வேண்டாம். பெட்டியில் இருக்கும் என் ரவிக்கைகளைப் பூரணிக்குக் கொடுத்துவிடுங்கள். இனி அவை எனக்கு அளவாக இருக்காது.

உங்கள் மகள்,
வடிவு