நாகூம் யாருடைய பெயர்

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலம், அந்த வீட்டில் புதிதாகப் பிறந்த பிள்ளையும் நலம் என்று அத்தை வந்து சொல்லிவிட்டதால் நான் தனியாக விசாரிக்கவில்லை.

அத்தை இன்னொன்றும் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு நாகூம் என்று பெயர் வைக்கப்போகிறீர்களாம். அம்மா அப்போது ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார், சுவிட்சை அணைத்தார், பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் அந்தக் கோட்டின் ஒரு கை சுருங்கியபடியே வேலைக்குப் போனது. "பேருதானே, யாரு வச்சா என்ன" என்று அத்தை என்னிடம் மெதுவாகச் சொன்னார். யார் வைத்தால் என்ன என்று எனக்குத் தெரியும்.

அது தம்பியின் பெயர். அவன் ஒரு வாரம்கூட உயிரோடு இல்லை என்பதால் உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாகூம் எபிரேயப் பெயர். ஆறுதல் என்று பொருள். ஆனால் அந்தத் தீர்க்கதரிசி விட்டுப்போன மூன்று அதிகாரத்தில் யாரையும் தட்டிக்கொடுப்பதைவிட மிரட்டுவதுதான் அதிகம். சாட்டைச் சத்தம், தேர்ச்சக்கரம், வெள்ளம், தீ. நினிவே என்ற பெரிய நகரம் அழியப்போவதுதான் விஷயமே. ஓரிடத்தில், உனக்கு ஆறுதல் சொல்ல ஆளை எங்கே போய்த் தேடுவேன் என்று அந்த நகரத்தையே கேட்கிறார். இப்படிப்பட்டவருக்கு ஏன் இப்படி ஒரு பெயர் என்று வேதபாட டீச்சரிடம் கேட்டேன். நினிவே சின்னச் சின்ன நாடுகளையெல்லாம் மிதித்து வைத்திருந்ததாம். அந்த நகரம் விழும் என்ற சேதி மிதிபட்டவர்களுக்கு ஆறுதலாம். "யாருக்கு ஆறுதல்னு முதல்ல பாரும்மா" என்றார்.

அதையேதான் உங்களிடம் கேட்கிறேன். யாருக்கு? எங்களுக்கு இல்லை.

வேறு தீர்க்கதரிசிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒபதியா, செப்பனியா, ஆகாய், மல்கியா எல்லாம் காலியாகத்தான் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மகள்தான்


ஜூன் 12

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. வாத்தியார் மாதிரி எழுதியிருக்கிறாய், கையில் பிரம்பு இல்லாததுதான் குறை.

நினிவேயைப் பற்றி உன்னோடு வாதாட நான் படித்தவன் இல்லை. கல்லில் எழுத்து வெட்டிப் பிழைக்கிறவன். ஆனால் பெயர் என்ன வீட்டுப் பத்திரமா, ஒருத்தர் பேரில் எழுதிப் பூட்டி வைக்க? அந்தப் பெயரை முதலில் நினைத்தது நான். உன் அம்மா குல்லாய்க்குக் கம்பளி நூல் வாங்கிக்கொண்டிருந்தபோதே நினைத்துவிட்டேன். உன் தம்பி தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் 'ஆண் குழந்தை' என்றுதான் எழுதினார்கள். அந்தப் பெயரைச் சொல்லி நான் யாரையும் கூப்பிட்டதே இல்லை. ஒரு நாளாவது கூப்பிட வேண்டும், ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்க வேண்டும். யாருக்கு ஆறுதல் என்று கேட்டாயே, எனக்குத்தான். அது குற்றமா?

தம்பியின் கல்லறைக் கல்லில் தேதி மட்டும் இருக்கிறதே என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்கிறாளாம். என் முறை அவளுக்கே தெரியும். பென்சிலில் எழுதிய பெயரைச் செத்தவர் வீட்டார் ஒருவர் வாய்விட்டுப் படித்த பிறகுதான் உளியை எடுப்பேன். தப்பாக வெட்டினால் கல்லே வீண். யாராக இருந்தாலும் அப்படித்தான். நான் எழுதிவிட்டு அவளைப் படிக்கச் சொன்னேன். அவள் வாயே திறக்கவில்லை. நான் காத்திருந்தேன். பென்சிலை மழை அழித்துவிட்டது.

மாதக் கடைசி ஞாயிறு ஞானஸ்நானம். இதோடு பஸ் டிக்கெட் வைத்திருக்கிறேன். அக்கா என்ற முறையில் நீதான் பாதிரியாரிடம் பெயரைச் சொல்ல வேண்டும்.

உன் அப்பா


ஜூன் 18

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடியே படித்தார். எழுத்து மாறாமல் அவர் சொன்னதை எழுதுகிறேன்.

"கல்லு வாங்க வந்தவகிட்ட கேக்குற மாதிரி கேட்டாருடி. காதுல பென்சிலு. 'சரியா இருக்கா, படி'ன்னாரு. எனக்குத் தொண்டையில வரல. 'அப்ப இன்னொரு நாள் பாத்துக்கலாம்'னு கையைத் துடைச்சிக்கிட்டுப் போயிட்டாரு."

கொஞ்ச நாளில் வீட்டை விட்டும் போய்விட்டீர்கள். காத்திருந்தேன் என்கிறீர்களே, எங்கே உட்கார்ந்து காத்திருந்தீர்கள்? யார் வீட்டில்?

வீட்டார் ஒருவர் படித்தால் போதும் என்பதுதானே உங்கள் முறை? நான் வீட்டார் இல்லையா? அப்போது நான் நாலாம் வகுப்பு. என் மகள் செய்தித்தாளே படிப்பாள் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டீர்கள். மூன்றே எழுத்து. என்னைக் கூப்பிட்டிருந்தால் ஓடி வந்து படித்திருப்பேன். ஜவுளிக்கடை முதலாளியின் அப்பாவுக்கு அரைப் பக்கப் புகழ்ச்சி வெட்டிக் கொடுத்தீர்கள். உங்கள் பிள்ளைக்கு மூன்று எழுத்துக்குக் கை வரவில்லை. தப்பு வரக்கூடாது என்பதற்காக வைத்த முறையைத் தப்பிப்பதற்காகப் பிடித்துக்கொண்டீர்கள்.

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பெயரை மாற்றுங்கள். இனிமேல் கேட்கமாட்டேன்.

மகள்


ஜூன் 30

மகளுக்கு,

நாகூம் என்றே வைத்தாகிவிட்டது. பாதிரியார் கேட்டபோது நானே சொன்னேன். பிள்ளை அழவில்லை.

உனக்கு உன் அம்மாவின் நாக்கு. பெற்றவனிடம் பேசுகிறோம் என்ற நினைப்பு வேண்டும். கோபம் ஆறியதும் எழுது.

அப்பா


ஜூலை 8

அப்பாவுக்கு,

சனிக்கிழமை நானும் அம்மாவும் உங்கள் பழைய பட்டறைக்குப் போனோம். இப்போது அதை நடத்துகிற உங்கள் கூட்டாளி ஒன்றும் கேட்காமல் உளிப் பையை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். பாசியைச் சுரண்டிவிட்டுப் பென்சிலில் எழுதினார். அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் படித்தேன். எனக்குப் பின்னாலேயே அம்மாவும் படித்தார். இரண்டாவது முறை இன்னும் சத்தமாகப் படித்தார். நடுவில் தூறல் விழுந்தது. அம்மா தான் நனைந்துகொண்டு, உளி பிடித்த கைக்குக் குடை பிடித்தார். 'கூ' வெட்டத்தான் அதிக நேரம் ஆனது.

அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. தன்னை யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. பள்ளிக்குப் போனதும் என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்பான். ஆறுதல் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். உனக்கு முன்னால் இந்தப் பெயர் ஒருவனுக்கு இருந்தது, அவன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கையையும் மூடிக்கொண்டே படுத்திருந்தான் என்றும் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லமாட்டீர்கள். நான் சொல்வேன்.

அதனால் அவன் எழுதக் கற்றுக்கொண்டதும் எனக்கு எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, பதில் போடுவேன்.

நீங்கள் எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
நாகூமின் அக்கா